அயல்நாட்டு விமானப் பயிற்சியும் தேக பரீட்சையும்

(நமது சங்கத்தின் கல்விநிதிக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இச்சபையில் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று நமது காரியதரிசி அவர்கள் எமக்குக் கட்டளையிட்டனர். யாம் விமானம் ஓட்டியறிந்தவரல்லேம். ஆயினும் கல்விநிதிக்கு வரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பொறுப்பு எம்மிடம் இருந்துவருவதால், இவ்விஷயத்தைக் குறித்துப் படித்தும், அறிந்தோரைக் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை உங்கள் முன் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். குற்றங் குறை காணின் பெரியோர் பொறுத்தருள்வார்களாக.

முன்னெல்லாம் நமது நிதியை நாடி வந்தவர்கள் வைத்தியம், எஞ்சினீரிங், சட்டம் ஆகிய மூன்றையே கேட்டனர். இக்காலத்திலோ, "என் மகனை அமெரிக்காவுக்கு அனுப்பி விமானியாக்க வேண்டும்," "என் மகள் ஆகாய விமானம் ஓட்டக் கற்க விரும்புகிறாள்" என்று வருவோர் உளர். இது நாம் பெருமைப்படத்தக்க மாறுதலே. ஆனால் இப்படிப்புக்கு ஐம்பது லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ஆகின்றது. நிலத்தை விற்றும், வீட்டை அடகு வைத்தும், பெண்ணுக்கென்று சேர்த்த நகையை எடுத்தும் தொகை திரட்டுகிறார்கள். அவ்வளவு பொருளைக் கட்டிய பின்னர், "உன் கண்ணில் வர்ண பேதம் அறியும் சக்தி குறைவு; உனக்கு உத்தியோக லைசென்சு கிடையாது" என்று வைத்தியர் சொல்வாரானால் அக்குடும்பத்தின் கதி யாது? முதலில் அறியவேண்டியதைக் கடைசியில் அறிவதனால் வரும் கேடு இது. அதனைத் தடுப்பதே இப்பிரசங்கத்தின் நோக்கமாகும்.

அயல்நாடு சென்று பறக்கக் கற்பது புதிய வழக்கமன்று. ஐக்கிய அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் 1892-ஆம் வருஷம் ஏழைக் குடும்பத்தில் பிறந்த பெஸ்ஸி கோல்மன் என்னும் கறுப்பினப் பெண்மணி விமானம் ஓட்டக் கற்க விரும்பினார். கறுப்பினத்தவர் என்றும் பெண் என்றும் கூறி அந்நாட்டுப் பள்ளிகள் அவரைச் சேர்க்க மறுத்தன. சிகாகோவில் அவரது இனத்தாருக்கென்று பத்திரிகை நடத்திய ராபர்ட் அபட் என்பவர், பிரான்சு தேசம் சென்று கற்கும்படி அவரைத் தூண்டினார். அவ்வம்மையார் பிரெஞ்சு பாஷை பயின்று, பொருள் சேர்த்து, கடல் கடந்து, லெ குரோத்துவா என்னும் ஊரில் பயிற்சி பெற்று, 1921-ஆம் வருஷம் ஜூன் மாதம் 15-ந் தேதி சர்வதேச லைசென்சைப் பெற்றார். ஒரு சமூகத்தின் பத்திரிகையும் அதன் பெரியோரும் ஒரு பெண்ணின் பின்னே நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று. நமது சங்கத்தாருக்கும் இதில் பாடம் உண்டு.

நமது தேசத்திலும் உதாரணம் உண்டு. கல்கத்தாவில் 1898-ஆம் வருஷம் பிறந்து, இங்கிலாந்தில் கல்வி பயின்ற இந்திரலால் ராய் என்ற வாலிபர், முதல் உலக மகாயுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப் படையிற் சேர முயன்றபோது கண்பார்வை குறைவென்று தள்ளப்பட்டார். அவர் மனந்தளராமல் தேர்ந்த கண் வைத்தியர் ஒருவரிடம் மறு அபிப்பிராயம் பெற்று, அதன் பலத்தால் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1918-ஆம் வருஷம் ஜூலையில் சில நாட்களுக்குள் பத்து வெற்றிகளை அடைந்து, அதே மாதம் 22-ந் தேதி போர்க்களத்தில் உயிர் நீத்தார். ஒரு வைத்தியர் "இல்லை" என்றதனால் எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதும், நேரான வழியிலேயே மறு பரிசீலனை கேட்கலாம் என்பதும் இவர் சரித்திரத்தால் விளங்கும்.

இனி விஷயத்துக்கு வருவோம். "உலகம் முழுதும் ஒரே ஆகாயம், அமெரிக்காவில் லைசென்சு வாங்கினால் இங்கே செல்லாதா?" என்று பலர் எம்மைக் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. 1944-ஆம் வருஷம் டிசம்பர் 7-ந் தேதி சிகாகோ நகரில் பல தேசத்தாரும் கூடி, ஆகாயப் போக்குவரத்துக்கென ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன் பயனாய் எழுந்த சர்வதேச ஸ்தாபனத்தில் இப்பொழுது 193 நாடுகள் அங்கம் வகிக்கின்றன. அவ்வுடன்படிக்கையின் 33-ஆம் ஷரத்து, குறைந்தபட்ச விதிகளுக்குக் குறையாமல் ஒரு நாடு கொடுத்த லைசென்சை மற்ற நாடுகள் அங்கீகரிக்க வேண்டும் என்கிறது. இதை மட்டும் படித்துவிட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

அதற்கு முந்தின 32-ஆம் ஷரத்தையும் படிக்கவேண்டும். ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு கொடுத்த அல்லது ஒப்புக்கொண்ட லைசென்சே அதன் விமானிக்கு வேண்டுமென்று அது கூறுகிறது. மேலும், தன் பிரஜைக்கு வேறொரு நாடு கொடுத்த லைசென்சைத் தன் எல்லைக்கு மேலே பறப்பதற்குச் செல்லாது என்று மறுக்கும் உரிமையை ஒவ்வொரு நாடும் வைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே இந்தியப் பிரஜையாகிய நம் பிள்ளை அமெரிக்க லைசென்சுடன் வந்திறங்கினாலும், இந்திய சர்க்காரின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தாரிடம் அதனை மாற்றி எழுதிக்கொள்ளாமல் இங்கே உத்தியோகம் பார்க்க முடியாது. ஒரு ஜில்லாவில் வாங்கிய பட்டாவைக் காட்டி மறு ஜில்லாவிலுள்ள நிலத்தை உழ முடியாதது போலவே இதுவும்.

இங்கிலாந்துக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். அந்நாடு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பிலிருந்து 2020-ஆம் வருஷ முடிவோடு விலகிற்று. அதுவரை ஒரே லைசென்சாய் இருந்தது இரண்டு லைசென்சுகளாகப் பிரிந்தது. பிரிட்டிஷ் லைசென்சு மட்டும் வைத்திருந்தோர் ஐரோப்பிய நாடுகளில் பதிவான விமானங்களை ஓட்டத் தனியே மற்றொன்று தேடவேண்டியதாயிற்று. ஆகையால் "எந்தத் தேசத்தில் கற்பது?" என்று கேட்குமுன், "எந்தத் தேசத்தில் உத்தியோகம் பார்ப்பது?" என்பதை நிச்சயித்துக்கொள்ள வேண்டும். பின்னதற்கு விடை தெரிந்தால் முன்னதற்கு விடை தானே கிடைக்கும்.

இப்போது தேக பரீட்சையைப் பற்றிச் சொல்வோம். சர்வதேச விதிகளில் மூன்று வகுப்புகள் உள்ளன. முதல் வகுப்பு, சம்பளத்துக்கு விமானம் ஓட்டுவோருக்கு உரியது. இரண்டாம் வகுப்பு, சொந்தமாய்ப் பறப்போருக்கு உரியது. மூன்றாம் வகுப்பு, நிலத்திலிருந்து விமானங்களுக்கு வழிகாட்டும் ஆகாயப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கு உரியது. அமெரிக்கர்களும் ஒன்று, இரண்டு, மூன்று என்றே பெயரிட்டிருந்தாலும் பொருள் வேறு. அவர்களுடைய மூன்றாம் வகுப்பு, மாணாக்கருக்கும் சொந்தமாய்ப் பறப்போருக்கும் போதுமானது. இப்பெயர் மயக்கத்தில் விழுந்து, "எங்கள் பையன் அமெரிக்க வைத்தியப் பரீட்சையில் தேறிவிட்டான்" என்று மகிழும் பெற்றோர், அவன் தேறியது எந்த வகுப்பு என்று கேட்க மறந்துவிடுகின்றனர்.

சர்வதேச முதல் வகுப்புக்கு வேண்டிய தேக லக்ஷணங்கள் யாவை? முதலாவது கண். ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே 6/9 அளவும், இரு கண்ணும் சேர்ந்து 6/6 அளவும் பார்க்கவேண்டும். கண்ணாடி அணிந்து இவ்வளவு தெரிந்தாலும் போதும். ஆனால் பறக்கும்போது மாற்றுக் கண்ணாடி ஒன்று கைவசம் இருக்கவேண்டும். கண்ணாடி போட்டவன் விமானியாக முடியாதென்று நம்மிற் பலர் நம்புவது தவறு. அது போலவே, கண்ணாடி போடாதவனுக்குக் கண்ணைப் பற்றிக் கவலையில்லை என்று நம்புவதும் தவறு. ஏனெனில் வர்ணங்களை வேறுபடுத்தி அறியும் சக்தி வேறு விஷயம். சிவப்பையும் பச்சையையும் சரிவரப் பிரித்தறியாத குறை பெரும்பாலும் ஆண்மக்களிடம் பிறவியிலேயே இருப்பது. இருபது வயது வரையில் தனக்கு அது இருப்பதை அறியாதவரும் உண்டு. விமானச் சமிக்ஞை விளக்குகளின் வர்ணத்தைப் பிழையின்றி அறிய இயலாதவருக்கு முதல் வகுப்புக் கிடையாது. பகலில் மட்டும் சொந்தமாய்ப் பறக்க இரண்டாம் வகுப்புத்தான் கிடைக்கக்கூடும். அமெரிக்காவிலும் 2025-ஆம் வருஷ முதலாய் இச்சோதனை கணிப்பொறி கொண்டு நடத்தப்படுகிறது.

இரண்டாவது செவி. 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஆகிய ஒலிகளில் 35 டெசிபலுக்கு மேலும், 3000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலுக்கு மேலும் கேள்விக் குறைவு இருத்தலாகாது. மூன்றாவது இருதயம். முதற் பரீட்சையிலேயே இருதய மின்பதிவு எடுப்பார்கள். 30 வயதுக்கு மேல் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், 50 வயதுக்கு மேல் வருஷந்தோறும் எடுப்பார்கள். நான்காவது நரம்பும் மனமும். காக்காய் வலிப்பு, காரணம் தெரியாத மயக்கம், சித்தப் பிரமை முதலியன உள்ளவரையும், மதுபானத்துக்கும் போதை வஸ்துக்களுக்கும் அடிமைப்பட்டவரையும் தகுதியற்றவராக எண்ணுவார்கள். நீரிழிவு போன்ற சில வியாதிகளைப் பற்றி நாட்டுக்கு நாடு கொள்கை மாறுபடும். இன்சுலின் ஏற்றிக்கொள்வோரையும் விசேஷ நிபந்தனைகளின் பேரில் வர்த்தக விமானங்களில் அனுமதிக்க அமெரிக்கர் 2019-ஆம் வருஷத்தில் வழி செய்தனர். அதனால் எல்லா நாடுகளும் அனுமதிக்கும் என்று கொள்ளலாகாது.

நமது பெண்மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கர்ப்பவதியாயிருக்கும் காலத்தில் அபாயக்குறி எதுவும் இல்லாதவரைப் பன்னிரண்டாம் வாரத்தின் முடிவு முதல் இருபத்தாறாம் வாரத்தின் முடிவு வரை பறக்க அனுமதிக்க விதி இடங்கொடுக்கிறது. பிரசவத்துக்குப் பின் மறுபடியும் பரீட்சிக்கப்பட்டுத் தொழிலுக்குத் திரும்பலாம். "பெண்ணுக்கு இத்தொழில் எதற்கு? கலியாணமானால் விட்டுவிட வேண்டியதுதானே?" என்று சில பெரியோர் கூறுவதைக் கேட்டிருக்கிறோம். நமது தேசத்தில் சரளா துக்ரால் அம்மையார் 1936-ஆம் வருஷத்திலேயே, கலியாணமாகிக் குழந்தையும் பெற்ற பின்னர், லைசென்சு வாங்கினார் என்பதை அவர்களுக்கு வணக்கத்துடன் நினைவூட்டுகிறோம்.

முதல் வகுப்புச் சான்று ஒரு முறை பெற்றால் ஆயுள் முழுவதும் செல்லுவதன்று. சாதாரணமாய்ப் பன்னிரண்டு மாதமும், 60 வயதைக் கடந்தோருக்கு ஆறு மாதமுமே செல்லும். எனவே விமானி ஒவ்வொருவரும் வாழ்நாள் முழுவதும் பரீட்சைக்கு இருக்கும் மாணாக்கரே. இளமையிலேயே புகை, மது, கண்விழிப்பு, அளவற்ற உணவு ஆகியவற்றை விலக்கி நடப்பது இத்தொழிலில் ஒழுக்கம் மட்டுமன்று, பிழைப்புமாகும்.

நமது நாட்டில் இம்முதல் வகுப்பைப் பெறும் வழி இது: முதலில், சர்க்கார் அங்கீகரித்த வைத்தியரிடம் இரண்டாம் வகுப்புப் பரீட்சை. அது தேறிய பின், சர்க்கார் குறித்துள்ள கேந்திரத்தில் முதல் வகுப்புப் பரீட்சை. விமானப் படையைச் சேர்ந்த பெங்களூர் விமான வைத்திய நிலையமும், டில்லியிலுள்ள மத்திய வைத்திய நிலையமும் இவற்றுள் பிரசித்தமானவை. இப்பரீட்சைக்கு ஆகும் செலவு படிப்புச் செலவோடு ஒப்பிட்டால் மலைக்கு முன் மடுவாகும். ஆதலின் யாம் மிகவும் வற்புறுத்திச் சொல்வது இது ஒன்றே: இந்திய முதல் வகுப்புச் சான்று கையில் வரும் முன்னர் எந்தப் பள்ளிக்கும், எந்தத் தரகருக்கும் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று எவர் சொன்னாலும் அவரை நம்ப வேண்டாம்.

படிப்புத் தகுதியும் முன்கூட்டியே கவனிக்கத்தக்கது. பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகமும் கணிதமும் தேறியிருக்கவேண்டுமென்பது நமது நாட்டில் வெகுகாலமாய் இருந்துவரும் விதி; அதனைத் தளர்த்தும் ஆலோசனை 2025-ஆம் வருஷத்தில் எழுந்தது. சேருங்காலத்தில் நடப்பிலுள்ள விதியை இயக்குநரகத்தாரிடமே நேரில் கேட்டறிந்துகொள்க.

இனி, அமெரிக்கா செல்வோர் கடக்கவேண்டிய வாயில்களைச் சொல்வோம். நம்மவர் பலர் அங்கே நாடுவதற்குக் காரணம், பயிற்சி விமானங்களின் மிகுதியும், அரிஸோனா, புளோரிடா போன்ற மாகாணங்களில் வருஷத்தில் பெரும்பகுதி பறப்பதற்கேற்ற வானிலை இருப்பதுமாகும். முதல் வாயில் விசா. சர்க்கார் அங்கீகாரம் பெற்ற பள்ளி சேர்க்கைப் பத்திரம் அனுப்பினால்தான் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான விமானப் பள்ளிகளுக்கு உரியது எம்-1 என்னும் வகை. அதில் செல்பவன் படிக்கும்போதே வேலை செய்து சம்பாதித்துக் கட்டணம் கட்டலாம் என்று எண்ணலாகாது, அதற்கு இடமில்லை. சுற்றுலா விசாவில் போய்ப் பயிற்சி பெறுவதும் தகாது.

இரண்டாம் வாயில் பாதுகாப்பு விசாரணை. 2001-ஆம் வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி நடந்த கொடுமையை நிகழ்த்தியோரில் சிலர் அமெரிக்கப் பள்ளிகளிலேயே விமானம் ஓட்டக் கற்றவர்கள். அது முதலாய், அந்நியப் பிரஜைகள் பயிற்சி தொடங்குமுன் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு இலாகாவுக்கு விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, கட்டணம் செலுத்தி அனுமதி பெறவேண்டும். 2024-ஆம் வருஷத்தில் புதுப்பிக்கப்பட்ட விதியின்படி, இவ்விசாரணை முடிவு ஐந்து வருஷம் வரையில் செல்லும். பெயர் எழுத்துக்கள் பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் பள்ளிச் சான்றில் ஒரு விதமாகவும் இருந்தால் இங்கேதான் சங்கடம் வரும். தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னே போடும் நம் தமிழ் வழக்கம் அயல்நாட்டுப் பாரங்களில் மயக்கம் உண்டாக்குவதால், பாஸ்போர்ட் எடுக்கும்போதே எல்லாப் பத்திரங்களிலும் பெயரை ஒரே விதமாகத் திருத்திக்கொள்வது நலம்.

மூன்றாம் வாயில் ஆங்கிலம். அமெரிக்க விதி, விமானி ஆங்கிலத்தைப் படிக்கவும் பேசவும் எழுதவும் விளங்கிக்கொள்ளவும் வேண்டுமென்கிறது. சர்வதேச விதி ஆறு படிகள் வகுத்து, குறைந்தது நான்காம் படியாவது வேண்டுமென்கிறது. நான்காம் படியினரை மூன்று வருஷத்துக்கு ஒரு முறையும், ஐந்தாம் படியினரை ஆறு வருஷத்துக்கு ஒரு முறையும் மறுபடி சோதிக்கவேண்டுமென்பதும் அவ்விதியின் ஆலோசனை. இது பாஷை வெறியன்று. 1996-ஆம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி டில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரி என்னும் ஊரின் மேல், சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் ஆகாயத்தில் மோதி 349 பேர் மாண்டனர். கட்டுப்பாட்டாளர் கூறிய உயரத்தைக் கஜகஸ்தான் விமானத்தார் சரிவர விளங்கிக்கொள்ளாமையும் அதற்கு ஒரு காரணமாகக் கருதப்பட்டது. அப்பெரும் சோகத்துக்குப் பின்னரே பாஷைத் தேர்ச்சி விதி சர்வதேச அளவில் வலுப்பெற்றது. தமிழ் வழியிற் பயின்ற நம் பிள்ளைகள் அஞ்சவேண்டியதில்லை; கேட்டதைத் தயங்காமல் திருப்பிச் சொல்லப் பழகினால் போதும். விளங்காதபோது "மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்க வெட்கப்படாமை அதனினும் முக்கியம்.

நான்காம் வாயில் வைத்தியம். அமெரிக்க விமான வைத்தியர்கள் அந்நாட்டுக்கு வெளியேயும் இருக்கின்றனர். விண்ணப்பத்தில் கடந்த மூன்று வருஷங்களில் எந்த வைத்தியரிடம் எதற்காகச் சென்றோம் என்பது முதலான விவரங்களை மறைக்காமல் எழுதவேண்டும். பொய் எழுதியது பின்னால் வெளிப்படின், பெற்ற சான்றுகள் யாவும் பறிக்கப்படலாம்; குற்ற வழக்கும் வரலாம்.

இவ்வாயில்களைக் கடந்தபின் பயிற்சி. அங்கே சொந்த லைசென்சுக்கு 17 வயதும், வர்த்தக லைசென்சுக்கு 18 வயதும் நிறையவேண்டும். சாதாரண வழியில் வர்த்தக லைசென்சுக்கு 250 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். 141-ஆம் பாகம் என்னும் விதியின்கீழ் அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் 190 மணி போதும். நம்மவர் குழியில் விழும் இடம் இதுதான். இந்திய விதி 200 மணி கேட்கிறது. 190 மணியில் அமெரிக்க லைசென்சு பெற்று மகிழ்ந்து விமானம் ஏறி வந்துவிட்டால், குறைந்த மணிகளுக்காக இங்கே மறுபடியும் பணம் கொட்டவேண்டும்.

200 மணி என்ற மொத்தம் மட்டும் போதாது. நமது 1937-ஆம் வருஷத்து விமான விதிகள் அதன் உட்பிரிவுகளையும் வகுத்துள்ளன. விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தின ஐந்து வருஷத்துக்குள் அம்மணிகள் பறந்தவையாயிருக்கவேண்டும். அவற்றுள் 100 மணி தானே தலைமை விமானியாய்ப் பறந்ததும், அந்நூற்றில் 15 மணி கடைசி ஆறு மாதத்துக்குள் பறந்ததும் ஆகவேண்டும். 20 மணி ஊர்விட்டு ஊர் பறந்திருக்கவேண்டும். அதில் ஒரு பிரயாணம் 300 கடல் மைல், அதாவது சுமார் 555 கிலோமீட்டர், இருந்து வழியில் இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி நின்றிருக்கவேண்டும். 10 மணி கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்ததும், 5 மணி இரவில் பறந்ததும் வேண்டும். இரவில் தலைமை விமானியாய்ப் பத்து முறை ஏறிப் பத்து முறை இறங்கியிருக்கவேண்டும். இக்கணக்கைப் பயிற்சியின் முதல் நாளே பள்ளி ஆசிரியரிடம் காட்டி, "எங்கள் நாட்டில் இவ்வளவு வேண்டும்" என்று சொல்லிவைத்துக்கொள்ளும் மாணாக்கன் புத்திசாலி.

பறந்த மணிகளை எழுதும் தினப்பதிவு நூலைக் கண்மணி போற் காக்கவேண்டும். அதில் ஒரு மணியும் கூட்டி எழுதலாகாது. 2011-ஆம் வருஷத்தில் நமது தேசத்தில் போலி மதிப்பெண் பத்திரம் காட்டி லைசென்சு பெற்ற விமானிகள் சிலர் கைதானார்கள். அவர்கள் பின்னே அமர்ந்த நூற்றுக்கணக்கான பிரயாணிகளின் உயிர் அப்பொய்யின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது அன்றோ?

திரும்பி வந்த பின் இந்திய ஆகாய விதிகள் முதலிய பாடங்களில் நூற்றுக்கு 70 வாங்கித் தேறி, வானொலித் தொலைபேசிச் சான்றும் பெறவேண்டும். அப்பாடங்களைப் புறப்படுமுன்பே இங்கே எழுதித் தேறிவிட்டுச் செல்வோர் காலத்தையும் பொருளையும் மிச்சப்படுத்துகிறார்கள். இவ்வளவும் ஆனபின்னும் விமானக் கம்பெனிகள், தாம் ஓட்டும் குறிப்பிட்ட ரக விமானத்துக்குத் தனித் தகுதி கேட்கும், அதற்கும் பெருஞ்செலவுண்டு. லைசென்சு வேறு, உத்தியோகம் வேறு என்பதைப் பெற்றோர் மறக்கலாகாது.

சகோதரர்களே! இதுவரை சொன்னவை விதிகள். இனிச் சொல்வது நமது சங்கம் தீர்மானிக்க வேண்டிய தர்மம்.

2015-ஆம் வருஷம் மார்ச் 24-ந் தேதி பார்ஸிலோனாவிலிருந்து டுஸ்ஸல்டார்ஃபுக்குச் சென்ற ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி வேண்டுமென்றே ஆல்ப்ஸ் மலையில் மோதவைத்தான். 150 பேரும் மாண்டனர். அவனும் அயல்நாட்டில் பயின்றவனே. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் அரிஸோனாவுக்குச் சென்று பயிற்சி பெற்றவன். மனச்சோர்வு நோய் முன்பு அவனுக்கு இருந்தது. அது ஜெர்மானிய, அமெரிக்க வைத்திய அதிகாரிகள் இருவருக்கும் தெரிந்து, குணமான பின்னரே சான்று பெற்றான். நோய் மறுபடி வந்தபோதோ அதனைக் கம்பெனியிடமும் விமான வைத்தியரிடமும் மறைத்துவிட்டான். பிரெஞ்சு விசாரணைக் குழுவார் 2016-ஆம் வருஷம் மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில், பறக்கும் உரிமை போய்விடும் என்ற பயமும், அப்படிப் போனால் வருமானத்துக்கு ஈடு செய்யும் இன்ஷூரன்சு இல்லாமையும் அவன் மறைத்ததற்குக் காரணங்களாகக் குறிப்பிட்டனர். அவன் பயிற்சிக்காகச் சுமார் 41,000 யூரோ கடன் வாங்கியிருந்தான்.

கொலையைக் கடன் நியாயப்படுத்தாது. மன நோயுற்றோர் கொடியவரென்றும் யாம் கூறவில்லை. அவருள் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்யாதவர். ஆயினும் கடன் சுமந்தவன் நோயை மறைப்பான் என்பது உலகியல். நிலத்தை விற்று அனுப்பிய தகப்பனின் முகத்தை நினைக்கும் பிள்ளை, தலைசுற்றுகிறதென்று வைத்தியரிடம் வாய் திறப்பானா? சங்கத்துக் கடனை மாதந்தோறும் கட்டவேண்டியவள், தூக்கம் வரவில்லையென்று ஒப்புக்கொள்வாளா? ஆகவே கடன் கொடுக்கும் நாமே பொய்க்குக் காரணமாகாமல் இருக்கவேண்டும்.

அதற்காக மூன்று யோசனைகளைச் சபையின் முன் வைக்கிறோம். முதலாவது, இந்திய முதல் வகுப்பு வைத்தியச் சான்று காட்டாத விண்ணப்பத்துக்கு நிதியிலிருந்து கடன் இல்லை. ஏழை மாணாக்கருக்கு அப்பரீட்சைச் செலவை மட்டும் நிதியே இனாமாக ஏற்கலாம். இரண்டாவது, கடன் தொகையை ஒரே முறையாகப் பள்ளிக்கு அனுப்பாமல், பயிற்சியின் ஒவ்வொரு படியும் முடிந்தபின் தவணையாக அனுப்புவது. பள்ளி மூடப்பட்டாலும், மாணாக்கன் திரும்பினாலும் நஷ்டம் குறையும். மூன்றாவது, உண்மையை ஒளிக்காமல் கூறித் தேகத்தகுதி இழந்த மாணாக்கரிடம் தவணை கேட்பதை நிறுத்தி, வட்டியைத் தள்ளி, வேறு தொழில் கற்க உதவுவது.

மூன்றாவது யோசனையைக் கேட்டதும் சில பெரியோர் முகம் சுளிப்பதை அறிவோம். "பத்துப் பேர் உழைத்துச் சேர்த்த பொதுப் பணம், ஒருவருக்குத் தள்ளுபடி செய்தால் நிதி வற்றிப்போகாதா?" என்பர். மறுக்கத்தக்க கேள்வியன்று. ஆனால் முதல் யோசனையைக் கண்டிப்பாக நடத்தினால், தகுதியிழப்போர் தொகை தானே குறையும். லைசென்சு இழப்புக்கென்று உள்ள இன்ஷூரன்சைக் கடன் வாங்குவோர் எடுக்கவேண்டுமென்று நிபந்தனை விதிக்கலாம். எஞ்சும் நஷ்டத்துக்காக நிதியில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கிவைக்கலாம். இவ்வளவும் செய்தபின் ஏதேனும் தள்ளுபடி செய்ய நேர்ந்தால், அதைத் தர்மக் கணக்கில் எழுதுவதில் நமக்கு என்ன குறை? மணமண்டபத்து அலங்காரத்துக்கு நாம் செலவிடும் தொகையைவிட அது பெரிதாயிராது.

பறக்க இயலாதவனுக்கு விமானத் துறையின் கதவு அடைபட்டுவிடுவதுமில்லை. விமானங்களைப் பழுதுபார்க்கும் எஞ்சினீயர், புறப்பாட்டுத் திட்டம் வகுப்போர், நிலைய நிர்வாகிகள், வானிலை நிபுணர் முதலியோரின்றி ஒரு விமானமும் தரையை விட்டு எழும்பாது. இவர்களும் அறிவாலும் பொறுப்பாலும் விமானிக்குக் குறைந்தவரல்லர். தொப்பியும் பட்டையும் அணிந்தவனையே மருமகனாக்க வேண்டும் என்ற ஆசை நம் சமூகத்தில் பரவுமானால், அது பிள்ளைகளைப் பொய் சொல்லத் தூண்டும் மற்றொரு கடனாகும்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை "எனக்குக் கண் சரியில்லை" என்றோ, "மனம் சரியில்லை" என்றோ சொன்னால் கோபியாதீர்கள். அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தை, அவனுயிரையும் அவன் பின்னே அமரும் பலரின் உயிரையும் காக்கக்கூடும். வாலிபர்களே! ஆசைப்படுங்கள், உயரப் பறக்க ஆசைப்படுவது குற்றமன்று. ஆனால் வைத்தியரிடமும், பதிவு நூலிலும், பெற்றோரிடமும் உண்மையே கூறுங்கள். அதிகாரிகளே! எமது மூன்று யோசனைகளையும் வரும் பொதுக்கூட்டத்துக்குத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறோம்.

 நம் குடிகளில் தோன்றும் இளஞ்செல்வங்கள் நலத்தோடு பறந்து, நலத்தோடு இறங்குமாறு எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவாராக.